போன வருட மோல்டு ரப்பர் இந்த வருடம் தேறுமா?

கிறிஸ்துமஸ் குடில் பொம்மை வார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு வேலை வருடத்துக்கு ஒரு சீசன்தான். நவம்பரில் பரணிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தால் அச்சு எடுக்கும் சிலிக்கான் ரப்பர் பழைய ஊறுகாய் ஜாடி மாதிரி மேலே எண்ணெயும் அடியில் கெட்டியுமாகப் பிரிந்து கிடக்கும். உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஸ், அதாவது டப்பாவிலுள்ள ரப்பர், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கெடுவது அநேகமாகக் கூட வந்த கேட்டலிஸ்ட், அதாவது ரப்பரை இறுக வைக்கும் திரவம்தான்.

நான் சொல்வது, சின்னப் பாட்டிலில் கேட்டலிஸ்ட் தனியாக வரும் டின் (வெள்ளீயம்) வகை ரப்பரை.

மிதக்கும் எண்ணெயை வடித்துக் கொட்டுவது பலர் செய்யும் காரியம். அது அழுக்கு இல்லை, ரப்பரின் பாகம். கொட்டினால் மிச்சம் கெட்டியாகி ஊற்ற வராது, நுணுக்கமான இடங்களில் இறங்காது. அடியில் உறைந்திருப்பது ரப்பரில் கலந்திருக்கும் ஃபில்லர் (நிரப்பி) தூள். தட்டையான ஸ்டீல் பட்டையை அடிவரை இறக்கி, மூலைகளைச் சுரண்டி, கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். ட்ரில்லில் மிக்ஸர் கம்பி மாட்டினால் காற்றுதான் ஏறும். கை வலிக்கும், பரவாயில்லை. பட்டையைத் தூக்கினால் ரப்பர் ஒரே நிறமாக, கோடு இல்லாமல் நாடாபோல வழிய வேண்டும். மூடி ஒரு ராத்திரி விட்டால் குமிழிகள் மேலே வந்துவிடும். கலக்காமல் மேலாக எடுத்து எடுத்துப் பாதி தீர்த்த டப்பா என்றால் நம்பிக்கை குறைவு. மிச்சத்தில் எண்ணெய் போதாது. பேஸிலேயே ரப்பர் கட்டி தட்டியிருந்தால் முயற்சியே வேண்டாம்.

அடுத்தது கேட்டலிஸ்ட். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் மட்டும் பிரிந்திருந்தால் குலுக்கினால் சரி. வெள்ளைத் துகள், கலங்கல், கூழ் தெரிந்தால் காற்றிலிருந்த ஈரம் உள்ளே போய்விட்டது, அது தேறாது. பழையதுதானே என்று இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்த அச்சு சீக்கிரம் இறுகும், அப்புறம் சுருங்கும், சில மாதத்தில் ஓரம் கிழியும். அதே கம்பெனி கேட்டலிஸ்டை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பொம்மைமேல் ஊற்றுமுன் கப் சோதனை. 50 கிராம் பேஸுக்கு, விகிதம் 100-க்கு 3 என்றால், 1.5 கிராம் கேட்டலிஸ்ட். சமையலறைத் தராசு இதைக் காட்டாது, நகைத் தராசு வேண்டும். 24 மணி நேரம் கழித்து வெட்டிப் பாருங்கள். கோடு கோடாகப் பிசுபிசுத்தால் கலந்தது போதவில்லை. முழுக்கத் தளதளவென்று இருந்தால் கேட்டலிஸ்ட் செத்துவிட்டது. மேலே இறுகி உள்ளே மட்டும் பிசுபிசுப்பு என்றால் ஈரம் குறைவாக இருக்கலாம். இந்த ரப்பர் இறுகக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அடுத்த கப்பில் முதலில் பேஸில் ஒரு சின்னச் சொட்டுத் தண்ணீர் கலந்து பாருங்கள்.

இரண்டு பாகத்தைச் சமபங்கு கலக்கும் பிளாட்டினம் வகை சிலிக்கானில் கதை வேறு. மாடலைத் தொட்ட இடம் மட்டும் பிசுபிசுத்தால் குற்றம் வயதின்மேல் இல்லை. கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, டின் ரப்பர் கலக்கிய அதே பட்டை, இவை போன்ற ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். வினைல் கையுறைக்கு மாறுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வாங்கி அச்சு எடுப்பவர்களுக்கு மூக்கே போதும். அம்மோனியா நெடி அடித்தால் மெதுவாகக் கலக்கி, நைலான் துணியில் வடித்துப் பயன்படுத்தலாம். நெடி போய்ப் புளித்த நாற்றமும் கட்டியும் வந்தால் அது திரும்பப் பாலாகாது.

அச்சில் ஊற்றிப் பொம்மை வார்க்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எங்கள் ஐப்பசி மழையில் மூட்டையிலேயே கெடும். 100 கிராமுக்கு 70 மில்லி தண்ணீர் கலந்து கப்பைக் கையில் பிடியுங்கள். இறுகும்போது சூடு தெரிய வேண்டும். சூடே இல்லாமல், அரைமணி கழித்தும் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் புது மூட்டைதான். வாணலியில் வறுத்தால் சரியாகும் என்பார்கள். ஜிப்சத்தைச் சுட்டுத்தான் பிளாஸ்டர் செய்கிறார்கள், அது உண்மை. ஆனால் வாணலியில் சூடு ஒரே சீராக ஏறாது. ஒரு பிடி வேகமாக இறுகும், மறுபிடி இறுகவே இறுகாது. அதை நம்பி மூன்று ராஜாக்களை வார்க்க முடியாது.