ஹார்ட் டிஸ்க் பழுதான பழைய பட்டறைக் கணினியை மீட்பது எப்படி?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில், நிரலின்படி தானே உலோகத்தை வெட்டும் சிஎன்சி எந்திரங்களுக்கு அந்த நிரலை அனுப்பும் பழைய கணினிகளை இன்றும் காணலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்ட போதிலும், எந்திரத்தோடு இணைக்கும் பழைய சீரியல் போர்ட்டும், மென்பொருளைத் திறக்கும் சாவியாகக் கணினியில் செருகும் டாங்கிளும், வெட்டு நிரலைத் தயாரிக்க எப்போதோ வாங்கிய கேம் (CAM) மென்பொருளின் உரிமமும் சேர்ந்து அவற்றை மாற்ற விடுவதில்லை. அத்தகைய கணினியில் டிஸ்க் பழுதானால், புது டிஸ்க் போட்டு விண்டோஸை மறுபடி நிறுவலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஏற்பப் பல ஆண்டுகளாகத் திருத்திவந்த போஸ்ட் பிராசஸர் கோப்புகள், அதாவது கேம் மென்பொருளின் வெளியீட்டை அந்தந்த எந்திரத்தின் மொழிக்கு மாற்றும் கோப்புகள், கிடைக்காது.

முதலில் டிஸ்கின் ஒலியைக் கவனியுங்கள். சீராக 'டக் டக்' என்று தட்டும் ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அது உள்ளேயிருந்து தரவைப் படிக்கும் ஹெட்டின் பழுதாக இருக்கலாம். அதற்குத் தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையம்தான் தேவை, பட்டறையில் மூடியைக் கழற்றிப் பார்ப்பது மிச்சமிருப்பதையும் அழித்துவிடும். ஒலி இயல்பாக இருந்து வேகம் மட்டும் குறைந்திருந்தால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணிட்டுக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரான மூல மதிப்புகள் ஏறியிருந்தால் டிஸ்கின் பரப்பு கெட்டுவருகிறது. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். அதை மாற்றிப் பார்த்த பிறகே டிஸ்கைக் குறை சொல்ல வேண்டும்.

கெட்டுவரும் டிஸ்கில் விண்டோஸின் செக்டிஸ்க் (chkdsk) கருவியை ஓட்டவே கூடாது. அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவியே ஒழியத் தரவை மீட்கும் கருவி அன்று. அறுந்த தொடர்புகளைச் சரிசெய்வதாக எண்ணி, மீட்கக்கூடிய கோப்புகளையும் அது வெட்டிவிடக்கூடும்.

இனி நகலெடுப்பு. டிஸ்கைக் கழற்றி, நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் இணைத்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்குங்கள். இதற்குக் குனு டிடிரெஸ்க்யூ (GNU ddrescue) என்ற இலவசக் கருவி போதும். சாதாரண நகல் கருவிகள் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கையில், இது அவ்விடத்தைத் தாண்டிச் சென்று நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பிவரும். எதுவரை படித்தோம் என்பதை மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பை லினக்ஸின் தற்காலிக நினைவகத்தில் விட்டுவிட்டால் மின்வெட்டில் அதுவும் போய்விடும் என்பதால், தனியான பென் டிரைவில் வையுங்கள். கட்டளையில் பழைய டிஸ்க் முதலிலும் புதியது அடுத்ததாகவும் வரும். இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள சீரியல் எண்ணைத் திரையில் தெரிவதோடு ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டுங்கள். புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். 500 ஜிபி டிஸ்குக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி போதாது.

நல்ல டிஸ்க் என்றால் 500 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். கெட்டதற்கு நாள்கணக்கும் ஆகலாம். அதுவரை டிஸ்க் சூடேறாமல் ஒரு மின்விசிறியைத் திருப்பி வைப்பது நல்லது. அகலப் பட்டைக் கேபிளில் இணையும் ஐடிஇ (IDE) காலத்து டிஸ்க் என்றால், அதை முதன்மையா துணையா என்று குறிக்கும் ஜம்பர் என்ற சிறு செருகியையும் கவனியுங்கள். அதற்கான கேபிள் உள்ளூரில் கிடைக்காவிட்டால், 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. சாலையில் தேடலாம்.

புது டிஸ்கைப் பொருத்தியதும் கணினி நீலத்திரையில் நின்றுவிட்டால், நகல் கெட்டுவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தால், பிளக்கைப் பிடுங்கியதுமே, விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியைத் துவக்கும் பயாஸின் (BIOS) அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அவற்றில் டிஸ்கோடு பேசும் விதத்தைக் குறிக்கும் சாட்டா (SATA) முறை, ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கோ (AHCI) மறுபக்கமாகவோ மாறிப்போனால் விண்டோஸ் துவங்காமல் போகலாம். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, பழைய முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேதி பின்னோக்கிப் போயிருந்தால் சில மென்பொருள்களின் உரிமமும் முரண்டு பிடிக்கும்.

விண்டோஸ் துவங்கியதும் செக்டிஸ்க் ஓட்டலாம். இப்போது ஓடுவது நகலின் மேல்தான். டிஸ்கின் ஒவ்வொரு பகுதிக்கும் விண்டோஸ் தரும் வால்யூம் எண் நகலோடு வந்துவிடும்; டிஸ்க் தயாரிப்பாளர் இட்ட சீரியல் எண் வராது. உங்கள் மென்பொருளின் உரிமம் பின்னதைப் பார்ப்பதாக இருந்தால் விற்றவரைத்தான் அணுக வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே ஓட்டிப் பழகிய நிரல் ஒன்றை எந்திரத்துக்கு அனுப்பி, உலோகம் பூட்டாமல் காற்றில் ஓடவிட்டுப் பாருங்கள். மீட்ட கோப்பில் ஒரு கெட்ட பகுதி வெற்றிடமாக விழுந்திருந்தால், திரையில் தெரியாத அந்தக் குறை இங்கே தெரிந்துவிடும். அதுவரை பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள்.