ஒரே ஆலையில் பன்றித் தீவனமும் மாட்டுத் தீவனமும்: எலும்புத் தூள் கலக்காமல் காப்பது எப்படி

அமெரிக்காவில் 1997 ஆகஸ்ட் 4 முதல், பாலூட்டி விலங்குகளின் புரதத்தை மாடு, ஆடு போன்ற அசைபோடும் கால்நடைகளுக்குத் தீவனமாகக் கொடுக்கத் தடை இருக்கிறது. மாட்டின் மூளையை அழிக்கும் மேட் கவ் நோய் பரவும் வழியை அடைக்கத்தான் அந்தச் சட்டம். அந்தப் புரதம் பெரும்பாலும் இறைச்சிக்கூடக் கழிவை வேகவைத்து அரைத்த இறைச்சி-எலும்புத் தூளாக வரும். ஆனால் அதே தூளைப் பன்றிக்கும் கோழிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆகவே ஒரே ஆலை, ஒரே மிக்சர், ஒரே கன்வேயரில் காலையில் பன்றித் தீவனமும் மாலையில் கறவை மாட்டுத் தீவனமும் ஓட வாய்ப்புண்டு. ஆபத்து இருப்பது அந்த இடைவேளையில்தான்.

இதற்கு பிரிட்டன் கொடுத்த விலை பெரிது. அங்கே 1988 ஜூலையிலேயே மாட்டுத் தீவனத்தில் தடை வந்துவிட்டது. பன்றி, கோழித் தீவனத்தில் மட்டும் தூள் தொடர்ந்தது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளில் 40,000-க்கும் மேற்பட்டவை நோய்வாய்ப்பட்டன. முக்கியக் காரணம் ஆலைகளில் நடந்த கலப்படம். 1996 ஆகஸ்டில் பண்ணை விலங்குகள் எதற்குமே பாலூட்டிகளின் இறைச்சி-எலும்புத் தூள் கூடாது என்று முழுத்தடை போட்ட பிறகுதான் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. நோயுற்ற மாட்டின் மூளைத் திசு 1 மில்லிகிராம் வாய்வழி கொடுத்தாலே கன்றுக்கு நோய் வரக்கூடும் என்று பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டின. கடுகளவுகூட இல்லை.

முதல் வேலை, சரக்கு வரும் வாசலில். லாரி வந்ததும் பில்லையும் லேபிளையும் சேர்த்துப் பாருங்கள். தடை செய்யப்பட்ட புரதம் உள்ள எந்தப் பொருளிலும் ‘மாடுகளுக்கோ மற்ற அசைபோடும் விலங்குகளுக்கோ கொடுக்கக் கூடாது’ என்ற எச்சரிக்கை இருந்தே ஆக வேண்டும். அமெரிக்க லேபிள்களில் ‘விலங்குப் புரதப் பொருட்கள்’ என்று ஒரு பொதுப்பெயர் வரும். மீன் தூள், பால் பவுடர், இறைச்சி-எலும்புத் தூள் எதுவும் அந்தப் பெயருக்குள் அடங்கும். அந்தப் பெயரைக் கண்டால் எச்சரிக்கை வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்காமல் இறக்காதீர்கள். அந்த லாரி முன் நடையில் என்ன ஏற்றியது என்றும் கேளுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூளுக்கு லேபிள் கிடையாது.

எதெல்லாம் தடைக்கு வெளியே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம், ரத்தப் பொருட்கள், பால் புரதம், ஜெலட்டின், பன்றி அல்லது குதிரையிலிருந்து மட்டுமே எடுத்த புரதம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மனிதர் உண்ணச் சமைத்து, மிஞ்சிய இறைச்சியை மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தினால் அதற்கும் விலக்கு. கோழிப் புரதமும் மீன் தூளும் பாலூட்டியே அல்ல என்பதால் தடைக்குள் வரவில்லை. மாட்டுக் கொழுப்பில் கரையாத கசடு 0.15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதில் புரதம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது இடம் பிரிப்பது. முடிந்தால் தனி இறக்குகுழி, தனி தொட்டி, தனி மிக்சர் வையுங்கள். முடியாதவர்கள்தான் சுத்தம் செய்யும் முறையை நம்ப வேண்டும். அதற்கு எழுத்து வடிவில் நடைமுறை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை கிலோ ஓட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த முடிவு ஆலையின் பொறுப்பு.

தயாரிப்பு வரிசையை இப்படி அமையுங்கள்: தடைப்பொருள் உள்ள பன்றித் தீவனம், அடுத்து தடைப்பொருள் இல்லாத பன்றி அல்லது கோழித் தீவனம், பிறகு அலசல், கடைசியில் மாட்டுத் தீவனம். வரிசை மட்டும் போதாது. அலசல் என்பது அரைத்த மக்காச்சோளத்தை வெறுமனே ஓட்டி மிச்சத்தை இழுத்து வெளியேற்றுவது. மிக்சர் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம் என்பது ஆலைகளின் வழக்கம். 2 டன் மிக்சருக்கு 100 முதல் 200 கிலோ. பெரும்பாலோர் செய்யும் தவறு, மிக்சரை அலசிவிட்டு நிறுத்திக்கொள்வது. மாட்டுத் தீவனம் போகும் பாதை முழுவதும், அதாவது மிக்சருக்குக் கீழுள்ள தொட்டி, கன்வேயர், எலிவேட்டர், நீராவியில் தீவனத்தைச் சூடாக்கும் கண்டிஷனர், அதை அழுத்திக் குச்சியாக்கும் பெல்லட் இயந்திரம், கூலர், லாரி ஏற்றும் தொட்டி வரை அதே மக்காச்சோளம் ஓட வேண்டும். வெளியே வந்ததைத் தனியாக மூட்டைகட்டி, எச்சரிக்கை ஒட்டி, அடுத்த பன்றித் தீவனத்தில் சேருங்கள்.

ஸ்க்ரூ கன்வேயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். சுழலும் தகட்டுக்கும் அடிப்பள்ளத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். அங்கே தூள் கெட்டியாகப் படிந்து கிடக்கும். கொழுப்பு சேர்ந்த தூள் என்றால் பசைபோல் ஒட்டியிருக்கும். தகடு தேயத் தேய இடைவெளி வளரும், மிச்சமும் வளரும். இதே கதைதான் எலிவேட்டரின் அடிப்பெட்டியிலும் மிக்சரில் கலக்கும் சுருள் தகடான ரிப்பன் ஓரத்திலும் பெல்லட் அச்சான டையின் துளைகளிலும். அங்கெல்லாம் அலசல் போதாது. திறந்து, சுரண்டி, வாக்குவம் போட வேண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். தூள் கட்டியாகி மூலையில் இறுகி, பூஞ்சையும் பிடிக்கும்.

பலர் மறப்பது தூசி பிடிக்கும் சைக்ளோன். அதில் சேரும் தூசியை வீணாக்க மனமில்லாமல் மிக்சருக்கே திருப்பிவிடும் ஆலைகள் உண்டு. காலையில் பிடித்த பன்றித் தீவனத் தூசி மாலையில் மாட்டுத் தீவனத்தில் போய் விழும். பெல்லட் சலித்த குருணையும் அப்படித்தான். மாட்டுத் தீவனம் ஓடும்போது திரும்பும் பாதைகளில் பழைய சரக்கு எதுவும் இருக்கக் கூடாது. கையால் போடும் இடத்திலுள்ள கரண்டி, வாளி, தராசுத் தட்டு, டெலிவரி லாரியின் அறைகள் எல்லாம் அதே கணக்கில் சேரும்.

பெல்லட் போடும்போது வரும் சூடு கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள். இது கிருமியே அல்ல. உருமாறிய புரதம், பிரியான். ஐரோப்பிய விதிப்படி 133 டிகிரி செல்சியஸ் வெப்பம், 3 பார் அழுத்தம், 20 நிமிடம் வைத்தாலும் அது குறையுமே தவிர முற்றாக அழியும் என்று சொல்வதற்கில்லை. ஆய்வகச் சோதனையையும் அளவோடு நம்புங்கள். மைக்ராஸ்கோப்பில் எலும்புத் துணுக்கும் தசைநாரும் 0.1 சதவீதம் அளவில் தெரியும். அது 1 டன்னுக்கு 1 கிலோ! சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

விவாதம் எழுவதும் இங்கேதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2003 டிசம்பரில் நோய் கண்ட மாட்டைத் தொடர்ந்து, மாட்டுக்கு ரத்தம், உணவு மிச்சம், கோழிக் கூளம் மூன்றையும் தடுப்போம், தனி இயந்திரத்தைக் கட்டாயமாக்குவோம் என்று 2004 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அறிவித்தது. கூளம் என்பது கோழிக் கொட்டகைத் தரையில் எச்சத்தோடு சேரும் குப்பை. அதில் என்ன பிரச்சினை என்றால், கோழி சிந்திய தீவனத்தில் மாட்டு எலும்புத் தூள் இருக்கக்கூடும். அந்த அறிவிப்பு சட்டமாகவில்லை. 2008-இல் வந்த இறுதி விதி வேறு வழியில் போனது: 30 மாதமும் அதற்கு மேலும் வயதான மாடுகளின் மூளையும் தண்டுவடமும் எந்த விலங்குத் தீவனத்திலும் கூடாது. நோய்த்தொற்றின் 90 சதவீதம் அவற்றில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் ஆலையில் கலந்தாலும் தீங்கு குறையும் என்பது அதன் வாதம். கனடா 2007 ஜூலையிலேயே கண், மண்டையோடு, நரம்பு முடிச்சுகள், சிறுகுடலின் கடைப்பகுதி வரை எல்லாத் தீவனத்திலிருந்தும் விலக்கியிருந்தது. செலவு, செத்த மாடுகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற எதிர்வாதங்கள் நியாயமானவையே. இருந்தாலும் கனடாவின் வழிதான் சரி. ஆலைத் தொழிலாளி ஒருநாள் அசந்தாலும் அது தாங்கும்.

கடைசியாக, பதிவேடு. ஒவ்வொரு அலசலுக்கும் தேதி, நேரம், கிலோ, செய்தவர் கையெழுத்து, அலசிய மக்காச்சோளம் எந்தத் தீவனத்தில் சேர்ந்தது என்பதை அன்றன்றே எழுதுங்கள். மாடு வளர்ப்பவரும் விலங்குப் புரதம் உள்ள தீவனத்தின் பில்லையும் லேபிளையும் வைத்திருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் கேட்பது 1 வருடம். கனடா கேட்பது 10 வருடம். வாஷிங்டன் மாடு கனடாவில் 1997 ஏப்ரலில் பிறந்தது, நோய் தெரிந்தது ஆறரை வருடம் கழித்து. கன்றாக இருந்தபோது அது தின்ற மூட்டையைத் தேட 1 வருடப் பதிவேடு உதவாது. 10 வருடம் வையுங்கள்.