மாமல்லபுரம் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். அங்கிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், சொந்தக்காரர்கள் யாராவது பெட்டியோடு வந்து இறங்கி, "நாளைக்கு எங்களை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போயேன்" என்பார்கள். சம்பளமில்லாத கைடு வேலையை இத்தனை வருஷம் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: வருகிற ஆள்தான் மாறுகிறார், செய்கிற தவறு மாறுவதில்லை. அதில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

உச்சி வெயிலில் போய் இறங்குவது

சென்னையிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்புவார்கள். ஈசிஆரில் ஒரு ஓட்டலில் டிபன், வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஒரு மணி நேரம். ஊருக்குள் வரும்போது பன்னிரண்டரை. பாறை கொதிக்கும், குழந்தை அழும், பெரியவர்கள் நிழல் தேடுவார்கள். "என்னமோ கல்லு கல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டரைக்கு வண்டி ஏறிவிடுவார்கள்.

இங்கே ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு திசை உண்டு, அதற்கென்று ஒரு நேரமும் உண்டு. அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பெரிய புடைப்புச் சிற்பப் பாறை. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் யானையின் மடிப்புகளும் முனிவரின் விலா எலும்பும் எழுந்து வரும். மதியத்துக்கு மேல் பாறை தன் நிழலிலேயே நின்றுவிடும், எல்லாம் தட்டையாகத் தெரியும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்குப் பார்த்தவை, ஆகவே அவற்றுக்குச் சாயங்காலம். கடற்கரைக் கோயிலுக்கு விடியற்காலை. தொல்லியல் துறை காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது, மாலை ஆறு மணிக்கு மூடுகிறது.

கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, குன்று என்று காலையை முடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு எங்காவது இரண்டு மணி நேரம் தூங்குங்கள், நான்கு மணிக்கு ரதங்கள். கடற்கரைக் கோயிலுக்கு எடுத்த டிக்கெட்டே அன்றைக்கு ரதங்களுக்கும் செல்லும். காலையில் அதைக் கசக்கிப் போட்டுவிட்டுச் சாயங்காலம் மறுபடி வரிசையில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெண்ணெய்ப் பந்தைக் கையால் தாங்கிவிட்டு வந்துவிடுவது

போட்டோவுக்குத் தாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிவில் உட்கார்ந்திருக்கிற, ஏறக்குறைய 250 டன் என்று கணக்குச் சொல்கிற அந்த உருண்டைப் பாறைக்கு முன்னால் யாருக்கும் கை தானாகத் தூக்கும். ஆனால் அங்கே வரிசையில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, நடை தூரத்தில் இருக்கும் அர்ச்சுனன் தபசை நான்கு நிமிடத்தில் முடிப்பதுதான் வயிற்றெரிச்சல்.

அர்ச்சுனன் தபசுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். குழந்தைகள் கூட வந்திருந்தால் ஒரு வேலை கொடுங்கள்: "பூனை எங்கேன்னு கண்டுபிடி." பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே, பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்துகொண்டிருக்கும். சுற்றிலும் எலிகள். மேலே எலும்பும் தோலுமாக ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பார்த்துவிட்டுக் கீழே இந்தப் பூனையைப் பார்த்தால், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சிற்பியின் குறும்பு புரியும். இன்னும் இருக்கிறது: பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், ஆற்றங்கரையில் துணி பிழிகிறவர், தாய் வயிற்றுக்கடியில் யானைக் குட்டிகள். நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் மேலேறிக்கொண்டிருப்பதால் இது கங்கை இறங்கும் காட்சி என்பவர்களும் உண்டு, அர்ச்சுனன் தவம் என்பவர்களும் உண்டு. கைடு ஒன்றை அடித்துச் சொன்னால் சண்டை போடாமல் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பாறையில் இடம் இருக்கிறது.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். மலையைத் தூக்கும் கண்ணனைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்த என் பெரியம்மா அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. "கண்ணு எப்படி நிக்குது பாரு, அப்படியே நம்ம லட்சுமி கண்ணுக்குட்டி மாதிரி" என்றார். கிளம்பும்போதுதான் மலையைத் தூக்கும் கண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

ரதங்களைப் பாண்டவர்கள் கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது

பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை. திரௌபதி ரதம் உண்மையில் கொற்றவைக்கு எடுத்த கோயில், குடிசை போன்ற கூரையோடு. எல்லாம் ஒற்றைப் பாறைகளில் மேலிருந்து கீழாகக் குடைந்தவை. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் நுணுக்கமான வேலை, கீழ்த்தளம் பாதியில் நிற்கிறது. பீம ரதமும் அப்படித்தான். "முடிக்கலையா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கென்னவோ முடிக்காத இடம்தான் பிடிக்கும். உளித் தடம் அப்படியே இருக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்பதை வேறெந்தக் கைடும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்.

மாக்கல்லைக் கருங்கல் என்று வாங்குவது

என் மாமா ஒருவர் ஒன்றரை அடிப் பிள்ளையாரை வாங்கினார். கன்னங்கரேலென்று பளபளப்பு. "அசல் கருங்கல்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எண்ணெய் தேய்த்து நாலு தடவை அபிஷேகம் செய்ததும் கறுப்பு துண்டில் வந்தது. அடியில் சாம்பல் நிறம். மாக்கல்.

மாக்கல் மட்டமான கல் கிடையாது. மிருதுவானது, நுணுக்கமான வேலைக்கு ஏற்றது, விலையும் குறைவு. மேசையில் வைக்கச் சின்ன யானை, நந்தி வேண்டுமென்றால் அதையே வாங்கலாம். தவறு, கருங்கல் விலை கொடுத்து மாக்கல் வாங்குவதுதான். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, சிலையின் அடிப்பகுதியில் சாவி முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். மாக்கல்லில் வெள்ளைக் கோடு விழுந்து தூள் உதிரும். கருங்கல்லில் சாவிதான் தேயும். ஒரே சிலை அச்சு அசலாக, முகவாய்ப் பள்ளம் வரைக்கும் ஒன்றுபோல, பத்து அடுக்கி வைத்திருந்தால் அது உளி பட்டதா, அச்சில் வார்த்ததா என்றும் யோசியுங்கள்.

தெருவில் உளிச் சத்தம் வரும் பட்டறைக்கே போய்விடுவது நல்லது. இங்கே உள்ள சிற்பக் கல்லூரி 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரியின் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அங்கே படித்தவர்களும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே கற்றவர்களும் ஊர் முழுக்கப் பட்டறை போட்டிருக்கிறார்கள். 2017-இல் இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பட்டறையில் பேரம் பேசலாம், ஆனால் ஒரு நியாயம் வேண்டும். என் சித்தப்பா பையன் ஒரு கருங்கல் முருகனுக்குப் பாதி விலை கேட்டான். சிற்பி கோபப்படவில்லை. உளியை அவன் கையில் கொடுத்து, "தம்பி, இந்தக் காது மடலை மட்டும் ஒரு அரை மணி நேரம் தட்டிப் பாருங்க, அப்புறம் விலை பேசுவோம்" என்றார். பத்தாவது தட்டில் இவனுக்கு மணிக்கட்டு வலித்தது. பேரம் அங்கேயே முடிந்தது.

பூஜைக்கு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவும் ஆயுதமும் முத்திரையும் சரியாக இருக்க வேண்டும் என்பதால் நேரமும் விலையும் வேறு. எடையையும் மறக்காதீர்கள். கருங்கல் ஒரு கன அடி 75 கிலோ பக்கம் வரும். பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டடிச் சிலையை வாங்கிவிட்டு பஸ் ஸ்டாண்டில் முழிப்பதும் உண்டு. ஊரில் ரயில் நிலையமும் கிடையாது, செங்கல்பட்டுதான்.

அலை அடிக்காத இடமாகப் பார்த்துக் கடலில் இறங்குவது

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் உயிர் போகிறது, பெரும்பாலும் நண்பர்களோடு வரும் இளைஞர்கள்.

கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஒரு வாய்க்கால் வழியாக அது வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடம். முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே காலுக்கடியில் மணல் பறிபடும், அடுத்த அடி இடுப்பு, அதற்கடுத்து தரை இல்லை. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். நீச்சல் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர் பின்னால் இன்னொரு நீச்சல் தெரியாதவர் குதிப்பதால்தான் ஒரு சாவு இரண்டாகிறது.

கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டியிருக்கும் கற்களில் ஏறி செல்ஃபி எடுப்பதும் இதே கணக்குத்தான். பாசி வழுக்கும்.

கரையில் படகும் வலையும் கிடக்கும். அவை படம் எடுப்பதற்காகப் போட்டவை இல்லை. ஒருமுறை செருப்போடு வலையைத் தாண்டிவிட்டேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலைநிமிராமல், "எங்க சோத்துத் தட்டுப்பா அது, சுத்தி வா" என்றார். இன்றைக்கும் சுற்றித்தான் போகிறேன்.

மாசி மகத்தை வேடிக்கை பார்ப்பது

மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டி, சுற்று மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக இந்தக் கடற்கரைக்கு வருவார்கள். சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு இரவு தங்கி, விடியலில் மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். நிச்சயதார்த்தம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும். என்னைக் கேட்டால், இந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை நடப்பவற்றில் இதற்கு ஈடு இல்லை.

அதனாலேயே கேமரா கூட்டமும் பெருகிவிட்டது. தாலி கட்டிக்கொள்ளும் பெண்ணின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் லென்ஸை நீட்டுகிறார்கள். உங்கள் வீட்டு முகூர்த்தத்தில் முன்பின் தெரியாதவர் அப்படி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? தள்ளி நில்லுங்கள், கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "பாம்பு பிடிக்கிறவங்கதானே" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: நீங்கள் வழியில் பார்த்த அந்த முதலைப் பண்ணை வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துத் தருகிறது, பாம்புக்கடி மருந்து தயாரிக்க. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

சில்லறைத் தவறுகள்

ஊர் நடுவில் தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊர். பெருமாள் தரையிலேயே சயனித்திருக்கிறார். பழைய சின்னங்களை மட்டும் பார்த்துவிட்டு, பூஜை நடக்கும் இந்தக் கோயிலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியாக மட்டும் கடந்துவிடுகிறார்கள். மதியம் நடை சாத்தியிருக்கும்.

டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் ஓடும் நாட்டிய விழாவுக்கு வருகிறவர்கள், எந்த நாள் என்ன நிகழ்ச்சி என்று சுற்றுலாத் துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். பரதம் மட்டும் என்று நினைத்து வந்து கரகமும் ஒயிலும் பார்த்து அசந்து போனவர்களும் உண்டு. பனி இறங்கும், ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்சிணசித்ராவை இதே நாளில் சேர்க்காதீர்கள். முட்டுக்காட்டில் உள்ள அந்த அருங்காட்சியகத்தின் பழைய வீடுகளுக்கே ஒரு நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மீன் வறுவல் கடையில் விலை கேட்காமல் உட்காராதீர்கள். மீனைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லி, இது எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணெயில் போடச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வஞ்சிரம் வேண்டுமென்று அடம்பிடித்தால் ஐஸில் கிடந்ததுதான் தட்டுக்கு வரும். பக்கத்தில் சின்னப் படகு அன்று காலை கொண்டுவந்த சங்கராவோ நெத்திலியோ இருக்கும். அதைக் கேளுங்கள்.