ப்ளேன் விழத்தான் செய்யும், எங்க விழுதுங்கறதுதான் மேட்டர்: ஆர்சி ஷோவுல பண்ணக்கூடாத தப்புகள்

காலேஜ் ஃபெஸ்ட்ல ஆர்சி ப்ளேன், அதாவது ரிமோட்ல பறக்கவிடற குட்டி ப்ளேன் ஷோ வெச்சா கூட்டம் அள்ளும், அதனால இப்ப எல்லாருக்கும் அந்த ஆசை வந்துருச்சு. நல்லதுதான். ஆனா சாமியானா, சேர், மைக் செட், பொன்னாடைன்னு எல்லாத்தையும் முடிச்சுட்டு, முதல் நாள் சாயங்காலம் போன் பண்ணி "கிரவுண்டு ரெடி, நீங்க வந்து பறக்கவிட்டா போதும்"னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் முக்கால்வாசி தப்பு ஆரம்பிக்குது. கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல ரொம்ப வருஷமா பறக்கவிடறேன், பைலட் கை தடுமாறி விழுந்த ப்ளேனை விட கிரவுண்டு அரேஞ்ச்மென்ட் சரியில்லாம விழுந்ததுதான் ஜாஸ்தி.

சாமியானாவையே எடுத்துக்குவோம். ஒரு காலேஜ்ல காலைல ஷோ, பைலட் நிக்கற இடம் மேக்கால, விஐபிக்கு வெயில் அடிக்கக்கூடாதுன்னு சாமியானாவை ரன்வேக்கு அந்தப் பக்கம் கிழக்கால போட்டுட்டாங்க. அதாவது நான் ப்ளேனைப் பாத்தா சூரியன் நேரா கண்ணுக்குள்ள, அதுக்குக் கீழயே சேர் வரிசை. ஒரு டர்ன்ல ப்ளேன் சூரியனுக்குள்ள போய் ரெண்டு செகண்டு காணோம், வெளிய வரும்போது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னே தெரியல, நான் ரைட்னு நெனச்சு அடிச்சது லெஃப்டாப் போச்சு. ஒன்றரை கிலோ ட்ரெயினர் (பழகறதுக்கான ப்ளேன்) மூணாவது வரிசை பிளாஸ்டிக் சேர்ல போய் சொருகுச்சு. சீஃப் கெஸ்ட் லேட்டு, அதனால சேர் காலி. அந்த மனுஷன் டைமுக்கு வந்திருந்தா என்னன்னு இன்னைக்கும் நெனச்சா வயித்தைக் கலக்கும்.

"ஃபோம்தானே சார், பட்டா என்ன ஆகப்போகுது"ம்பாங்க. 2 கிலோ ப்ளேன் மணிக்கு 72 கிலோமீட்டர்ல வந்தா அதுல இருக்கற எனர்ஜி 400 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பால் 140ல வந்தாலே 120 சொச்சம்தான். மூணு பவுன்சர் ஒண்ணா சேந்து நெஞ்சுல அடிக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க, அதுவும் முன்னாடி சுத்தற ப்ராப்போட (ப்ரொப்பெல்லர்).

அதனால கூட்டம், பிட் (ப்ளேனை ரெடி பண்ற இடம்), பைலட் எல்லாரும் ஒரே பக்கம், சூரியன் முதுகுக்குப் பின்னாடி. பைலட்டுக்கு முன்னாடி சுண்ணாம்புல ஒரு கோடு, ப்ளேன் அந்தக் கோட்டைத் தாண்டி நம்ம பக்கம் வரவே கூடாது, வர்ற மாதிரி இருந்தா த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) கட் பண்ணி அந்தப் பக்கமே போட்டு உடைக்கணும். இருபதாயிரம் ரூபா ப்ளேனா இருந்தாலும் சரி. இந்த மனசு இல்லாதவங்களை ஷோவுக்குக் கூப்பிடாதீங்க, எவ்வளவு நல்லா பறக்கவிட்டாலும்.

அடுத்து சீஃப் கெஸ்ட் டைம். நம்ம பக்கம் ஜூன், ஜூலைல பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து சும்மா இருக்காது, காலைல ஆறரைக்கு இலை அசையாது, பதினோரு மணிக்கு ஃப்ளெக்ஸ் பேனரே பிச்சுக்கும். எட்டு மணின்னு போட்ட ஷோ பதினொண்ணே கால் ஆகும், ஹெச்ஓடி வந்து "ஒரே ஒரு ரவுண்டு தம்பி, அவர் பாத்துட்டு கிளம்பிடுவாரு"ம்பாரு. "அவருக்காக காத்து நிக்காதுங்க சார்"னு சொல்லத் தெரியணும். பறக்கலாமா வேண்டாமாங்கறத ஒரே ஆள் முடிவு பண்ணணும், அந்த ஆள் அன்னைக்கு ப்ளேனைத் தொடாத ஆளா, மத்தவங்க கோவிச்சாலும் கவலைப்படாத ஆளா இருந்தா நல்லது. அப்புறம் அந்த மைக் செட்டு. ஸ்பீக்கரை பைலட் பக்கத்துல வெச்சு குத்துப்பாட்டு போட்டா, "லேண்டிங்"னு ஒருத்தன் கத்தறது பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காது, அவன் அதே நேரம் டேக் ஆஃப் பண்ணுவான்.

பர்மிஷன் விஷயத்துல "பொம்மை ப்ளேன்தானே"ன்னு விடாதீங்க. 2021ல வந்த ட்ரோன் ரூல்ஸ் ஆர்சி மாடலுக்கும் பொருந்தும், அரசாங்கத்தோட ஆன்லைன் ட்ரோன் மேப்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் போட்டிருக்கும். பச்சைல 400 அடி உயரம் வரைக்கும், ஏர்போர்ட் எல்லைல இருந்து 8லிருந்து 12 கிலோமீட்டர்னா 200 அடி வரைக்கும்தான், மஞ்சளும் சிவப்பும் அனுமதி இல்லாம தொடவே கூடாது. எங்களுக்கு ஒரு பக்கம் பீளமேடு ஏர்போர்ட், இன்னொரு பக்கம் சூலூர் ஏர்ஃபோர்ஸ், அதனால நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடியே மேப் பாக்கறது பழக்கமாயிருச்சு. உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு லெட்டர் குடுத்து வெச்சுருங்க.

ரேடியோல பழைய காலத்து பயம் ஒண்ணு இருந்துச்சு, 72 மெகாஹெர்ட்ஸ்ல ஒரே சேனல்ல ரெண்டு பேர் ஆன் பண்ணா பறக்கற ப்ளேன் அப்படியே விழும், அதனால போர்டுல கிளிப் மாட்டி வெச்சு, கிளிப் கைல இருக்கறவன் மட்டும்தான் ஆன் பண்ணுவான். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் அந்தப் பிரச்சனை போச்சு, போர்டை மறந்துட்டோம். ஆனா கேமரா வெச்சு காகிள்ஸ்ல பாத்துப் பறக்கறவங்களுக்கு வீடியோ வர்ற 5.8 கிகாஹெர்ட்ஸ்ல அதே பிரச்சனை அப்படியே இருக்கு, பிட்ல உக்காந்திருக்கற பையன் "சும்மா செக் பண்ணேன்"னு தன் ட்ரோனுக்கு பேட்டரி குத்துவான், மேல பறக்கறவன் காகிள்ஸ் ஃபுல்லா கோடு கோடா போயிரும். அனலாக் வீடியோ இருந்தா கிளிப் போர்டைத் திரும்பக் கொண்டு வாங்க, வெக்கப்படாதீங்க.

ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கற ஏற்பாடு, அதை செட் பண்ணாம வர்றது இன்னொரு கொடுமை. சில ரிசீவர்ல (ப்ளேன்ல சிக்னல் வாங்கற பெட்டி) செட் பண்ணலன்னா சிக்னல் போனதும் கடைசியா இருந்த த்ராட்டில்லயே மோட்டார் ஓடிட்டு இருக்கும், ப்ளேன் பாட்டுக்குப் பறந்து போகும். செக் பண்றது ரெண்டு நிமிஷ வேலை: ப்ராப்பைக் கழட்டிட்டு, த்ராட்டில் பாதில வெச்சு ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க, மோட்டார் நிக்கணும். நிக்கலன்னா அந்த ப்ளேன் அன்னைக்கு ஸ்டால்ல காட்சிக்கு மட்டும். அப்புறம் ஸ்டிக்கை ரைட்ல தள்ளுனா ரைட் எய்லரான் (றெக்கை ஓரத்துல அசையற பட்டை) மேல வருதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, ரிமோட்ல வேற ப்ளேனுக்கு சேவ் பண்ண செட்டிங்கை வெச்சுட்டு டேக் ஆஃப் பண்ணி மூக்கு குத்துனவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன்.

ப்ராப் பத்தி ஒண்ணே ஒண்ணு. 10 இன்ச் ப்ராப் 9000 ஆர்பிஎம்ல சுத்துனா அதோட முனை மணிக்கு 430 கிலோமீட்டர் வேகம். பேட்டரி குத்துனதுக்கு அப்புறம் அது முன்னாடியும் பக்கவாட்டுலயும் யாரும் நிக்கக்கூடாது, செல்ஃபி எடுக்கற பசங்களும்தான். பைலட்டும் சேத்திதான்: 2013 செப்டம்பர்ல நியூயார்க் ப்ரூக்ளின் பார்க்ல 19 வயசு பையன் ஒருத்தன் தன்னோட பெரிய ஆர்சி ஹெலிகாப்டர் அடிச்சே இறந்துட்டான், அனுபவம் இல்லாத பையன் இல்ல. கூட்டத்துக்காகப் பக்கத்துல கொண்டு வந்து ஸ்டன்ட் காட்டறேங்கறவங்க இதைப் படிச்சுக்கங்க.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை சித்திரை வெயில்ல கார் டேஷ்போர்டுல போட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க. 2200 எம்ஏஹெச் பேட்டரியை 2.2 ஆம்பியர்ல சார்ஜ் பண்ணா போதும், அவசரத்துக்கு ஏத்தாதீங்க, சார்ஜர் பக்கத்துல ஒரு ஆள், ஒரு பக்கெட் மணல். உப்புன பேட்டரியை அன்னைக்கே ஓரங்கட்டுங்க.

கடைசியா, ப்ளேன் விழுந்ததும் நடக்கற ஓட்டம். நூறு பசங்க கோட்டைத் தாண்டி ஓடுவாங்க, மேல இன்னும் ரெண்டு ப்ளேன் சுத்திட்டு இருக்கும், விழுந்ததுல த்ராட்டில் இன்னும் உயிரோட இருக்கும். ரெண்டு என்சிசி பசங்களை கயிறோட கோட்டுல நிறுத்துங்க, மேல இருக்கறதெல்லாம் இறங்குனதுக்கு அப்புறம் பைலட்டும் கூட ஒருத்தரும் மட்டும் போகட்டும். முதல்ல பேட்டரியை உருவணும், உருவுன பேட்டரியைக் கையோட பைக்குள்ள போடாம, அடிபட்ட லைப்போ அரை மணி கழிச்சுக்கூட பத்திக்கும், அந்த மணல் பக்கெட்டுக்குள்ள வெச்சுட்டு வாங்க. எங்க செட்டுல ஒருத்தன் அதை காலேஜ் குப்பைத் தொட்டில போட்டுட்டான், மத்தியானம் பரிசு குடுக்கற நேரத்துல அதுல இருந்த பேப்பர் பிளேட்டெல்லாம் எரிஞ்சுட்டு இருந்துச்சு.