கறுப்பினப் பத்திரிகைகளில் வெளிநாட்டு நிறபேதச் செய்திகளை ஆராய்வது எப்படி?

அமெரிக்கக் கறுப்பின வார இதழான சிகாகோ டிஃபெண்டரின் அதிபர் ராபர்ட் அபோட் 1923-இல் பிரேசிலைச் சுற்றிவந்து, அங்கே நிறபேதமே இல்லை என்கிற தொனியில் தொடர் எழுதினார். அதற்கு இரண்டே வருடம் முன்புதான் கறுப்பின அமெரிக்கர்களின் குடியேற்றத் திட்டம் ஒன்றுக்கு அதே பிரேசில் விசா மறுத்திருந்தது. புகழ்ந்தது பிரேசிலை, குத்தியது அமெரிக்காவை. இந்தச் செய்திகளைப் படிக்க உட்காரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஒரு நாடு, ஐந்தாறு வருடம் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். பழைய இதழ்களின் மின்னணுக் காப்பகத்தில் தேடும்போது, தேடுசொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எத்தியோப்பியா என்று மட்டும் தேடினால் நிறைய விட்டுப்போகும். அதன் பழைய பெயரான அபிசீனியா என்றும் தேடுங்கள். தென்னாப்பிரிக்க நிறவெறிக் கொள்கையைக் குறிக்கும் ‘அபார்தைட்’ என்ற சொல் 1948-க்கு முன்னால் உதவாது, நிறத்தடை என்று பொருள்படும் ‘கலர் பார்’ சிக்கும். டிஃபெண்டர் கறுப்பினத்தவரைக் குறிக்க ‘நீக்ரோ’வைத் தவிர்த்து ‘ரேஸ்’ என்றே எழுதிய பத்திரிகை. போதாததற்கு, மங்கலான மைக்ரோபிலிமிலிருந்து எடுத்த படங்களில் கணினி எழுத்துகளைத் தப்பாகப் படிக்கும். வார இதழ்தானே, வருடத்துக்கு 52. முக்கியமான மாதங்களையாவது பக்கம் பக்கமாகப் புரட்டிவிடுங்கள்.

ஐந்து பத்திரிகையில் ஒரே செய்தி வந்தால் ஐந்து சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். 1919-இல் கிளாட் பார்னெட் தொடங்கிய அசோசியேட்டட் நீக்ரோ பிரஸ் (ஏ.என்.பி.) என்ற செய்தி நிறுவனம் எல்லாருக்கும் அனுப்பியதாக இருக்கலாம். செய்தியின் தொடக்கத்தில் ‘ஏ.என்.பி.’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாட்சி ஒன்றுதான். அப்போது தலைப்புகளை ஒப்பிடுங்கள். பத்திரிகையின் சொந்தக் குரல் அங்கேதான் கேட்கும்.

அடுத்து, எழுதியவர் நேரில் போனாரா? இன்னொரு கறுப்பின இதழான பிட்ஸ்பர்க் கூரியருக்காக ஜே. ஏ. ராஜர்ஸ், இத்தாலி படையெடுத்த எத்தியோப்பியாவின் போர்க்களத்துக்கே போனார். அதே கூரியரில் 1936 முதல் 1938 வரை ஜார்ஜ் ஸ்கைலர் புனைபெயரில் எழுதிய ஆப்பிரிக்கப் பேரரசுத் தொடரோ முழுக்கக் கற்பனை. தேடல் முடிவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். தேடல் காட்டும் இரண்டு வரியை மட்டும் பார்த்து மேற்கோள் எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

எதிர்க்குரலையும் தேடி எடுங்கள். 1940-இல் பிரேசில் போன, ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ பத்திரிகையின் நிருபர் ஆலி ஸ்டீவர்ட், ஓட்டல்களில் இடம் கிடைக்காததை எழுதினார். அபோட்டின் தொடருக்கு அருகில் இதை வைத்துப் படியுங்கள். இடையில் மாறியது பிரேசிலா, பார்த்த கண்ணா என்பதை அந்தந்த வாரத்து உள்நாட்டுச் செய்திகளோடு சேர்த்துத்தான் தீர்மானிக்க முடியும். அதனால் கட்டுரையை மட்டும் வெட்டி எடுக்காமல், முழுப் பக்கத்தையும் சேமியுங்கள்.