எம்ஜி டிசி எஞ்சினும் டிரைவ்லைனும் திருப்பிக் கட்டுறது எப்பிடி

1945ல இருந்து 1949 வரைக்கும் எம்ஜி டிசி எண்ட இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் மொத்தமே ஒரு பத்தாயிரம் தான் செய்தவங்கள். அதில ஒண்டு எங்கட அப்பப்பா வாங்கினது, வெள்ளவத்தையில வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டிலுக்குள்ள இருபது வருஷத்துக்கு மேல நிண்டது, கடல் காத்து பட்டு எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. நான் அதை ரெண்டரை வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கழட்டிக் கட்டி இப்ப ஓட்டுறன். ஆராவது இதே எஞ்சினோட மினக்கெடுறீங்கள் எண்டா உங்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன்.

முதல்ல பொல்ட். இதை வாசிக்காம ஸ்பனர் தொடாதீங்கோ. இந்த எஞ்சினுக்குப் பேர் எக்ஸ்பேக், 1250 சிசி, போர் (சிலிண்டர் ஓட்டையின்ர விட்டம்) 66.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்) 90. இங்கிலீஷ் கார் தானே எண்டு நினைப்பீங்கள், ஆனா மரை எல்லாம் மெட்ரிக். ஏன் எண்டா முதலாம் உலக யுத்த நேரம் ஹொட்ச்கிஸ் எண்ட பிரெஞ்சுக் கொம்பனி கொவென்ட்ரியில ஒரு ஃபக்டரி போட்டது, அதை 1923ல கார் கொம்பனிக்காரர் வில்லியம் மொரிஸ் வாங்கினார், அங்க இருந்த மெஷின் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுற மெஷின், அப்ப அவங்கள் மரையை மெட்ரிக்கா விட்டிட்டு பொல்ட் தலையை மட்டும் இங்கிலீஷ் ஸ்பனர் போடக்கூடிய மாதிரி விட்வர்த் எண்ட பழைய இங்கிலீஷ் அளவில செய்தவங்கள். அதால மெட்ரிக் ஸ்பனர் போட்டா தலை வழுக்கும், விட்வர்த் பொல்ட் போட்டா மரை போகும். இன்னொண்டும் இருக்கு, இதில வாற 8 மில்லிமீட்டர் பொல்ட்டின்ர பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையில இருக்கிற தூரம்) 1.0 மில்லிமீட்டர், பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையில 8 மில்லிமீட்டர் எண்டு கேட்டா தாறது 1.25. கையால ரெண்டு மூண்டு சுத்துப் போகும், பிறகு இறுகும், அந்த நேரம் ஸ்பனர் போட்டு அமத்தினா புளொக்கில இருக்கிற மரை முழுக்கப் போயிடும். என்ர எஞ்சினை முந்தி ஒரு கராஜில குடுத்தபோது இதைத்தான் செய்து வச்சிருந்தாங்கள், டைமிங் கவர் பக்கம் நாலு ஓட்டை. நாலுக்கும் ஹெலிகொயில் (போன மரைக்குப் பதிலா ஓட்டைக்குள்ள போடுற கம்பிச் சுருள்) போட வேண்டி வந்தது, அதுக்கும் 1.0 பிட்ச் கொயில் தேடோணும்.

அதனால மரை வெட்டுற 1.0 பிட்ச் டாப்பும் டையும் வாங்கி வையுங்கோ. விட்வர்த் ஸ்பனர் பஞ்சிகாவத்தையில பழைய சாமான் கடையள்ல தேடினா கிடைக்கும், எனக்கு நல்ல செட் கிடைச்சது மலைநாட்டில தேயிலை ஃபக்டரியில ஃபிட்டரா இருந்து பென்ஷன் எடுத்த ஒரு ஐயாட்ட, பழைய இங்கிலீஷ் மெஷினுகளுக்கு அவர் பாவிச்சது.

இறுகின எஞ்சினை ஸ்டார்ட்டராலயோ காரைத் தள்ளியோ சுத்தப் பாக்காதீங்கோ. ப்ளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் டீசலும் ஓட்டோ கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்திவிட்டு ரெண்டு மூண்டு கிழமை விடுங்கோ, இடைக்கிடை திருப்பி ஊத்துங்கோ. பிறகு கிராங் முன்னுக்கு இருக்கிற நட்டில நீளமான பாரைப் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல மெல்ல ஆட்டினா ஒரு நாள் அசையும். எனக்கு 19ஆவது நாள் அசைஞ்சது, அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினனான்.

கழட்டேக்க எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்கோ, பொல்ட்டுகளை ஐஸ்கிரீம் டப்பாவில போட்டு எங்க இருந்தது எண்டு எழுதுங்கோ. டைமிங் செயினைக் கழட்ட முன்னம் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒண்டு இருக்கு. ஒரிஜினல் செயின்ல ரெண்டு கண்ணி மினுக்கமா இருக்கும், அது ஸ்ப்ரொக்கெட்டில இருக்கிற டி அடையாளத்தோட நேரா வரோணும். இப்ப வாங்குற புதுச் செயின் கனக்க அந்த மினுக்கக் கண்ணி இல்லாமத்தான் வரும், அதால பழசு பூட்டியிருக்கேக்கயே ரெண்டு அடையாளத்துக்கும் நடுவில எத்தனை கண்ணி எண்டு எண்ணி எழுதி வையுங்கோ.

அளக்கிறதுக்கு வருவம். லேத்துக்குக் கொண்டுபோக முன்னம் நீங்களே அளவு எடுத்து ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, இல்லாட்டி "போர் போடோணும்" எண்டு அங்க சொல்லுறதை அப்பிடியே நம்ப வேண்டி வரும். சிலிண்டர் போரை மேல, நடுவில, கீழ எண்டு மூண்டு இடத்தில, ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு திசையில அளவுங்கோ. கிராங்கில பெயாரிங்குக்குள்ள சுத்துற இடம் தான் ஜேர்னல், மெயின் ஜேர்னல் 52 மில்லிமீட்டர், கொன்ரொட் ஜேர்னல் 45 மில்லிமீட்டர், ஏற்கனவே கிரைண்ட் பண்ணி இருந்தா அதை விடக் குறைவா இருக்கும், அதைப் பாத்துத்தான் பெயாரிங் ஷெல் ஓர்டர் பண்ணோணும். கிராங்கை கட்டாயம் கிராக் டெஸ்ட் செய்யுங்கோ. எக்ஸ்பேக் கிராங் வெடிக்கிறதுக்குப் பேர் போனது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்போட கட்டினா ஒரு நாள் காலி ரோட்டில கிராங் ரெண்டா முறியும், புளொக்கும் சேர்ந்து போகும். டெஸ்டுக்குப் போற காசு புது கிராங் விலைக்கு முன்னால ஒண்டுமே இல்ல.

ஹெட் கஸ்கெட் ஓர்டர் பண்ணேக்க உங்கட புளொக்கையும் ஹெட்டையும் வடிவா பாருங்கோ. முந்தின எஞ்சினுகள்ல தண்ணி ஓட்டை வாழைப்பழம் மாதிரி நீட்டா வளைஞ்சிருக்கும், டிசிக்குப் பிறகு வந்த எம்ஜி டிடி காலத்தில வட்ட ஓட்டையா மாத்தினவங்கள். டிசி எண்டா நீட்டு ஓட்டை, ஆனா எழுபது வருஷத்தில ஆராவது டிடி ஹெட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ப்ளக்கும் அதே கதை, நீட்டு ஓட்டை ஹெட்டுக்கு அரை இஞ்சி நீளமான ப்ளக், வட்ட ஓட்டை ஹெட்டுக்கு முக்கால் இஞ்சி. நீளமானதை மாறிப் போட்டா ப்ளக் உள்ளுக்கு நீட்டிக்கொண்டு நிக்கும். இலங்கையில 2002ல இருந்து ஈயம் இல்லாத பெற்றோல் தான், அதால ஹெட்டைக் கழட்டினதோட எக்ஸோஸ்ட் வால்வுக்கு கடின சீற் போடுவிக்கிறது நல்லது. ஒக்டேன் 92 இந்த எஞ்சினுக்குக் காணும், கொம்ப்ரஷன் ஏழுக்குக் கொஞ்சம் மேல தான்.

போர் போட்டு ஹோன் பண்ணி (கல்லால உரைஞ்சு) வந்த புளொக்கை மண்ணெண்ணெயால கழுவிட்டு சுத்தம் எண்டு நினைக்காதீங்கோ. சுடு தண்ணியும் சவர்க்காரமும் போட்டு, வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வாற வரைக்கும் கழுவோணும், ஹோன் பண்ணின மண் தான் புது ரிங்கைத் தின்னுறது. ஒயில் ஓட்டையள்ல இருக்கிற ப்ளக்கைக் கழட்டி உள்ளுக்கு பிரஷ் விடுங்கோ, என்ரதில கறுப்புக் களி மாதிரி ஊத்தை வந்தது. கழுவி முடிஞ்ச உடனே ஒயில் பூசுங்கோ, கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் ஃபோன் வந்தாலும் எடுக்காதீங்கோ, கால் மணித்தியாலத்தில செம்மஞ்சள் நிறம் பிடிச்சிடும்.

பிஸ்டன் பூட்டேக்க ரிங் கேப் (ரிங்கின்ர ரெண்டு முனைக்கும் இடைவெளி) ஒரு இஞ்சி போருக்கு மூண்டு நாலு தௌ (ஒரு தௌ எண்டா இஞ்சியில ஆயிரத்தில ஒண்டு) எண்ட கணக்கு, 66.5 மில்லிமீட்டருக்கு எட்டில இருந்து பத்துத் தௌ வரும். இந்த எஞ்சின்ல பிஸ்டனையும் கொன்ரொட்டையும் இணைக்கிற கட்ஜன் பின் கொன்ரொட்டின்ர சின்ன முனையில ஒரு பொல்ட்டால இறுக்கிப் பிடிச்சிருக்கும். அந்தப் பொல்ட்டைத் திருப்பிப் பாவிக்காதீங்கோ, புதுசு போடுங்கோ. இறுக்கேக்க கொன்ரொட்டை வைஸில பிடிச்சா ரொட் முறுகிப்போகும், பின்னின்ர ரெண்டு பக்கமும் ப்ளக் செருகி அதால பிடிச்சு இறுக்கோணும்.

இறுக்குற டொர்க் அளவெல்லாம் வேர்க்‌ஷொப் மனுவல்ல இருக்கிறதைத் தான் பாவிக்கோணும், "கை கணக்கு" வேண்டாம். பெயாரிங் கிளியரன்ஸை பிளாஸ்டிகேஜ் (நசுங்கின அகலத்தைப் பாத்து இடைவெளி அளக்கிற மெல்லிய பிளாஸ்டிக் நூல்) வச்சுப் பாருங்கோ, ஒரு இஞ்சி ஜேர்னலுக்கு ஒரு தௌ எண்டு வச்சா 45 மில்லிமீட்டருக்கு ரெண்டு தௌவுக்குக் கிட்ட. பின் மெயின் பக்கம் ஒயில் சீல் இல்ல, கிராங்கிலயே வெட்டின சுருள் மரை தான் ஒயிலைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளுறது. எஞ்சின் நிண்டா அதுவும் நிக்கும், அப்ப கொஞ்சம் சொட்டும். லிப் சீல் மாத்துற கிட் வருது, கிராங் வெளியில இருக்கேக்கயே போடுங்கோ, நான் போட்டிட்டன், இப்ப கராஜ் தரை காய்ஞ்சிருக்கு.

சாமான் எல்லாம் இங்கிலாந்தில இருந்து தான் வரோணும். கஸ்கெட், ரிங், ஷெல் மாதிரிச் சின்னதை ஹரோவில இருக்கிற மச்சாள் லீவுக்கு வரேக்க சூட்கேஸில கொண்டு வந்தவ, பிஸ்டன் செட் மட்டும் பார்சல்ல வந்தது.

கிளட்ச் தட்டு 7¼ இஞ்சி. ரிலீஸ் பெயாரிங் உருளுற பெயாரிங் இல்ல, கார்பன் வளையம், அதால பம்பலப்பிட்டி சந்தியில டிரஃபிக்கில நிக்கேக்க கிளட்ச்சை அமத்தி வச்சிருந்தா அது தேஞ்சு போகும். நியூட்ரலுக்குப் போட்டு காலை எடுங்கோ. கியர் பொக்ஸ்ல முதல் கியருக்கு சிங்க்ரோ (உரசாம கியர் விழ உதவுற வளையம்) இல்ல, மற்ற மூண்டுக்கும் இருக்கு, அந்த சிங்க்ரோ வளையங்களைத் தேய்மானம் பாத்து மாத்துங்கோ, பெயாரிங் எல்லாம் நம்பர் குடுத்தா பஞ்சிகாவத்தையிலயே கனக்கக் கிடைக்கும். ஜிஎல் 5 ஒயில் ஊத்தாதீங்கோ, அதில இருக்கிற கந்தகம் பித்தளையைத் தின்னும், ஜிஎல் 4 தான் வேணும்.

பின் அச்சில கிரவுன் வீலும் பினியனும் சோடி, ஒரே நம்பர் அடிச்சிருக்கும், ஒண்டை மட்டும் மாத்த ஏலாது. பல்லில நீல மை பூசி சுத்திப் பாத்தா எங்க முட்டுது எண்டு தெரியும், பல்லின்ர நடுவில முட்டோணும், ஓரத்தில எண்டா ஷிம் (இடைவெளிக்குப் போடுற மெல்லிய தகடு) மாத்தி திருப்பிப் பாருங்கோ. நான் பதினொரு தரம் கழட்டிப் பூட்டினன், அதுக்குத் தான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, ஆனா இப்ப அச்சில சத்தமே இல்ல. ஹாஃப் ஷாஃப்ட் முனையில சாவி வெட்டு இருக்கிற இடத்தில வெடிப்பு வாறது வழமை, அதையும் கிராக் டெஸ்ட் செய்யுங்கோ.

ஸ்டார்ட் பண்ண முன்னம் ஒயில் பம்புக்குள்ள வாஸ்லின் அடையுங்கோ. இந்த எஞ்சின்ல பம்ப் ஒயில் மட்டத்துக்கு மேல இருக்கு, காய்ஞ்சிருந்தா உறிஞ்சாது. ப்ளக் போடாம ஸ்டார்ட்டரால சுத்தி கேஜில அழுத்தம் ஏறுற வரைக்கும் பொறுங்கோ, ஏறாட்டி நிப்பாட்டிக் கழட்டுங்கோ. ஃபயரிங் ஓர்டர் 1, 3, 4, 2. பத்தின உடனே ஐட்லில விடாதீங்கோ, 1500க்கும் 2000க்கும் இடையில இருபது நிமிஷம் வையுங்கோ, அப்ப தான் வால்வைத் தூக்கிற புது கேமும், அதில உரசுற டப்பெட்டும் ஒண்டுக்கொண்டு பதியும், ஸிங்க் கூடின 20டபிள்யூ50 ஒயில் ஊத்துங்கோ. சூடான பிறகு ஓடேக்க 40க்கும் 60க்கும் நடுவில பிஎஸ்ஐ காட்டினா சரி. டப்பெட் கிளியரன்ஸ் டிசிட ஒரிஜினல் கேமுக்கு சூட்டில 19 தௌ, பிறகு வந்த கேம் எண்டா 12, எது இருக்கு எண்டு தெரியாம வைக்காதீங்கோ.

ஒரு நாள் ஆறவிட்டு ஹெட்டைத் திருப்பி டொர்க் பண்ணி, அதோட டப்பெட்டையும் பாருங்கோ. முதல் 500 மைலுக்கு 40 மைல் வேகத்துக்கு மேல போகாம, மேட்டில ஏறேக்க கியரைக் குறைச்சு, விடிய ஆறு மணிக்கு ரோட்டு வெறுமையா இருக்கேக்க தெஹிவளை, மொரட்டுவைப் பக்கம் போய் வாங்கோ. 500ல ஒயிலை மாத்தி, வடிஞ்ச ஒயிலுக்குள்ள காந்தம் விட்டுப் பாருங்கோ. மெல்லிய சாம்பல் பசை எண்டா ரிங் பதியுது, மினுங்குற துண்டு கண்டா காரை எடுக்காம சம்பைக் (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டை) கழட்டுங்கோ.