பூடில் நாய்க்கு சடைத்திரி வளக்கிறது எப்படி: குமுளி மழையில நான் கத்துக்கிட்டது

எங்க வீட்டு கருப்பி ஒரு பூடில், சுருட்டை முடி நாய், அவ முடி கயிறு கயிறா திரிச்சுத் தொங்கும். அவளைக் கூட்டிட்டு கடைவீதிக்குப் போனா பாதிப்பேரு "இந்த நாய்க்கு சீப்பே போட மாட்டீங்களா"ன்னு கேப்பாங்க, பக்கத்து வீட்டு அப்பத்தா மட்டும் "ஏய்யா, சடை விழுந்துருச்சு, கத்திரி வச்சிராத, சாமிக்குத்தம் ஆயிரும்"னு சொல்லுச்சு. ரெண்டு பேருகிட்டயும் நான் சொல்றது ஒண்ணுதான், இது கவனிக்காம விட்டு விழுந்த சிக்கு இல்ல, வாராவாரம் உக்காந்து கையால பிரிச்சுப் பிரிச்சு உருவாக்குன திரி. சீப்பு போடுறதை விட இதுக்கு வேலை ஜாஸ்தி, அதுலயும் ஜூன்ல ஆரம்பிச்சா மாசக்கணக்குல ஈரம் போகாத எங்க ஊர் மாதிரி இடத்துல காய வைக்கிறதே முக்காவாசி வேலை.

திரி விழுகுற நாய்னா முதல்ல சொல்ல வேண்டியது ஹங்கேரி நாய்ங்க. ஆடு மேய்க்கிற பூலி, பெரும்பாலும் கருப்பு, 10ல இருந்து 15 கிலோ இருக்கும். அதே நாட்டுல மந்தைக்குக் காவல் நிக்கிற வெள்ளை கொமொண்டோர், ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டும், ஓநாய் பாஞ்சு கடிச்சாலும் பல்லு சதைக்குப் போகாம அந்தத் திரிதான் தடுக்கும். இத்தாலியில ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பெர்கமாஸ்கோன்னு ஒண்ணு, அதுக்குத் தட்டைத் தட்டையா கம்பளித் துண்டு மாதிரி விழும். பூலிக்கும் கொமொண்டோருக்கும் அடியில மெத்துன்னு ஒரு முடி, மேல முரட்டு முடி, உதிர்ற அடிமுடி கீழ விழாம மேல்முடியில மாட்டி முறுக்கிக்கும். பூடிலுக்கு ஒரே அடுக்குதான், ஆனா சுருட்டை அம்புட்டு இறுக்கம், உதிர்ற முடி அந்தச் சுருளுக்குள்ளயே நின்னுக்கும், நம்ம கை கூட இருந்தா திரி புடிச்சிரும். லாசா, ஷிட்சு, பொமரேனியன் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதை முயற்சி பண்ணாதீங்க, அதுங்களுக்கு விழுகுறது திரி இல்ல, தோலோட ஒட்டுன சிக்குப் பாய், அடியில காத்தே போகாது, தோல் புண்ணாயிரும்.

குட்டிமுடி போய் பெரிய முடி வர்ற நேரம், சுமாரா எட்டு பத்து மாசம், அப்பதான் ஆரம்பிக்கணும். சீப்பு, பிரஷ் எல்லாத்தையும் நிறுத்திருங்க. கொஞ்ச நாள்ல முடி கட்டி கட்டியா ஆகும், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், அங்க பயந்து முடிவெட்டுற மெஷின் போட்டுறாதீங்க. ஒரு கட்டியை எடுத்து ரெண்டு கை பெருவிரலாலயும் நுனியில இருந்து தோல் வரைக்கும் மெதுவா ரெண்டாக் கிழிக்கணும், பென்சில் தடிமன் வர்ற வரைக்கும். தோல் வரைக்கும்னு நான் சொல்றதுதான் முக்கியம், பாதியில விட்டா நுனி மட்டும் திரியா தொங்கும், அடியில எல்லாம் ஒண்ணாச் சேந்து பாயாயிரும். சரியாப் பிரிச்சா திரிக்கும் திரிக்கும் நடுவுல தோல் வரிவரியாத் தெரியும், வயக்காட்டுல வரப்பு தெரியுற மாதிரி. காதுக்குப் பின்னாடி, கக்கம், கழுத்து இந்த மூணு இடமும் சீக்கிரம் ஒட்டிக்கும், வீட்டுக்குள்ள இருக்கப்ப கழுத்துப் பட்டையைக் கழட்டிருங்க. வாய்ச் சுத்தியும் பின்பக்கமும் குட்டையா வெட்டி விட்டுறணும், சோறும் அசிங்கமும் திரியில ஏறுனா வாடை போகவே போகாது.

குளிப்பாட்டுறதுல நான் பண்ண தப்பைச் சொல்லிர்றேன். முதல் வருசம் ஜூன் மாசம், மேல தொட்டா காஞ்சிருந்துச்சு, சரின்னு விட்டுட்டேன். மூணாம் நாளு அவ பக்கத்துல வந்து படுத்தப்ப மழையில ஊறுன சாக்கு நாத்தம், திரியை விலக்கிப் பாத்தா அடித்தோல் எல்லாம் செக்கச்செவேல்னு கெடக்கு. பூஞ்சைன்னு டாக்டர் சொன்னாரு, முதுகுல ஒரு கை அகலத்துக்குத் திரியை வெட்டி எடுத்தோம், அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. ஏலக்காவை ஸ்டோர்ல, அதாவது காய வைக்கிற சூட்டு அறையில, போட்டு எடுக்குறவங்களுக்கு இது தெரியும், தோடு காஞ்சு உள்ள ஈரம் நின்னா மூட்டையே போச்சு. திரியும் அதேதான்.

அதனால இப்ப அடிக்கடி குளிப்பாட்டுறதில்ல. ஷாம்பூவை பக்கெட் தண்ணியில கலக்கிட்டு, கம்பளியை அமுக்கித் துவைக்கிற மாதிரி திரியை அமுக்கி அமுக்கி விடணும், தேய்க்கவே கூடாது, கண்டிஷனரும் வேண்டாம், முடி வழுக்குனா திரி நெகிழ்ந்துரும். நுரை துளிகூட வராத வரைக்கும் அலசணும், மிச்சம் நின்னா அரிப்பு. பெறகு துண்டை வச்சு ஒவ்வொரு திரியா புழிஞ்சு, டிரையரைச் சூடு இல்லாம குளிர் காத்துல வச்சு அடியில இருந்து நுனிக்கு ஓட்டி, அப்புறம் டேபிள் ஃபேன். கருப்பிக்கு ராத்திரி முழுக்க ஆகும், கொமொண்டோருக்கு ரெண்டு நாள்கூட ஆகும். மழைக்காலத்துல நான் காலையிலயே குளிப்பாட்டி, புழிஞ்சு, வண்டியில ஏத்திட்டு மலை இறங்கிருவேன், குமுளியில கொட்டிட்டு இருந்தாலும் கம்பம் பக்கம் வெயிலும் நல்ல காத்தும் இருக்கும், நிழல்ல கட்டிப்போட்டு தண்ணி வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் மச்சினன் வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்பேன். காஞ்சிருச்சான்னு பாக்க மேல தொடாதீங்க, தோல் கிட்ட திரியோட அடியை ரெண்டு விரலால அழுத்தி மூக்குல வச்சுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா ஈரம்தான்.

உண்ணி பெரிய தொல்லை. திரிக்குள்ள போயிருச்சுன்னா கண்ணுல படாது, காய்ச்சல் வந்து நாய் சோர்ந்தப்பதான் தெரியும். தோல்ல விடுற மருந்து சடையில மாட்டிக்கும், அதனால டாக்டர்கிட்ட கேட்டு எடைக்கு ஏத்த மாத்திரை குடுங்க. தோட்டத்துக்குள்ள போய்ட்டு வந்தா கால் இடுக்குல அட்டை இருக்கான்னு விரலை விட்டுத் தடவிப் பாருங்க.

எப்பவாவது அடியெல்லாம் ஒட்டி, பிரிக்கும்போது நாய் கத்துச்சுன்னா திரியை விட்டுருங்க, நாய்தான் முக்கியம். கத்திரிய மட்டும் எடுக்காதீங்க, இறுகுன சடைக்குள்ள தோலும் சேந்து இழுபட்டு மேல வந்திருக்கும், தெரியாம தோலையே வெட்டிருவோம். தோலோட ஒட்டி மெஷினைத்தான் ஓட்டணும், ரெண்டு நிமிசத்துக்கு ஒருதடவை பிளேடு சூடான்னு உங்க கையில வச்சுப் பாத்துக்கங்க.